லஹ்ன்: பேச்சின் போக்கைக் குறித்த ஒரு சொல்லின் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…



நமது மக்தபின் பெற்றோர் கூட்டத்திற்குத் தவறாமல் வருகின்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சுரங்கத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய பேரப்பிள்ளைகள் நம்மிடம் ஓதுகிறார்கள். எந்தக் கூட்டமானாலும், எதைப் பற்றிய பேச்சானாலும், அவர் எழுந்து நின்றால் உரத்த குரலில் ஒரே வாக்கியத்தையே முதலில் கூறுவார்: "கணக்கை எழுதி மாட்டுங்கள்." கூட்டத்தில் இருப்போர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். "பெரியவர் பல்லவியைத் தொடங்கிவிட்டார்" என்று யாரேனும் முணுமுணுப்பார்கள். நாமும் அந்தச் சிரிப்பில் பங்கு கொண்டவர்களே.

ஒருமுறை அந்தச் சிரிப்பு வேறு திசையில் சென்றது. மார்க்கக் கல்வியில் ஆர்வமுள்ள ஓர் இளைஞர், பெரியவர் வெளியே சென்றபின், "இவருடைய பேச்சின் தொனியிலேயே உள்ளத்தில் இருப்பது தெரிகிறதே, நயவஞ்சகர்களைப் பேச்சின் போக்கைக் கொண்டு அறியலாம் என்று குர்ஆனே கூறுகிறதல்லவா?" என்றார். அவர் சுட்டியது ஸூரத்து முஹம்மதின் 30ஆவது வசனம். அங்கிருந்த எவரும் மறுக்கவில்லை. ஓதிக் கொடுக்கும் நாமும் மறுக்கவில்லை. ஒரு முஸ்லிமின் ஈமானைப் பற்றிய அவ்வளவு பெரிய சொல் ஒரு தேநீர் இடைவேளையில் கூறப்பட்டு, அப்படியே கடந்து போயிற்று.

அன்றிரவு நம் மௌனமே நம்மை உறுத்தியது. அந்த வசனத்தில் வருகின்ற 'லஹ்ன்' என்னும் சொல்லின் வரலாற்றை எடுத்துப் பார்த்தோம். அது நமக்குக் கற்பித்ததை இங்கே பகிர்ந்து கொள்கிறோம்.

இசையிலிருந்து பேச்சுக்கு

முதலில் நம் தாய்மொழியைக் கவனிப்போம். ஒருவர் வழக்கமாகப் பேசும் முறையைக் குறிக்கத் தமிழர்கள் கையாளும் சொற்களில் பல இசையிலிருந்து வந்தவை. கீர்த்தனையில் முதலில் வரும் பகுதி பல்லவி. அதன்பின் அனுபல்லவியும் சரணமும் வந்தாலும் பாடுவோர் மீண்டும் பல்லவிக்கே திரும்புவர். ஆகவே, எதைப் பேசினாலும் ஒரே இடத்திற்குத் திரும்புகிறவரைப் பார்த்து, 'பழைய பல்லவியையே பாடுகிறார்' என்கிறோம். இழுத்து இழுத்துப் பேசுகிறவர் 'ராகம் போடுகிறார்'. நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் பேசுகிறவருக்குச் 'சுருதி மாறுகிறது'. பிறர் கூற்றுக்கெல்லாம் ஆமாம் போடுகிறவர் 'தாளம் போடுகிறார்', 'ஒத்து ஊதுகிறார்'.

'புராணம்' என்னும் சொல்லும் இப்படித்தான். உமறுப் புலவர் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் பாடினார். அந்நூலுக்குச் சீறாப்புராணம் என்றே பெயர். அங்கே அச்சொல் மதிப்பிற்குரியது. ஆனால் ஒருவர் தம் பெருமையை ஓயாது கூறினால், 'தன் புராணத்தை ஆரம்பித்துவிட்டார்' என்று அதே சொல்லால் இகழ்கிறோம். நம் வீடுகளிலும் இதற்கு உதாரணம் உண்டு. 'பயான்' என்றால் தெளிவுபடுத்துதல். ஜும்ஆ மேடைக்குரிய சொல். ஆயினும் வீட்டில் நாம் சற்று நீளமாக அறிவுரை கூறினால் பிள்ளைகள், "அத்தா பயானைத் தொடங்கிவிட்டார்கள்" என்கிறார்கள்.

இவற்றில் ஓர் ஒற்றுமை இருப்பதைக் கவனியுங்கள். இவை அனைத்தும் பிறரைக் குறித்து நாம் கூறுபவை. 'நான் பல்லவி பாடுகிறேன்' என்று தம்மைப் பற்றிக் கூறிக்கொள்பவர் அரிது. எதிரில் இருப்பவரின் பேச்சைக் கேட்பதற்கு முன்பே அதை அளந்து முடித்துவிடும் சொற்கள் இவை. 'பல்லவி' என்று பெயரிட்ட பிறகு அதன் சொற்களை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு சொல், ஆறு பொருள்கள்

அரபு மொழியிலும் இதே வழித்தடம் காணப்படுகிறது. 'லஹ்ன்' என்றால் இராகம், மெட்டு. அதே சொல் பேச்சின் போக்கையும் குறிக்கும். ஆனால் அதன் பரப்பு பல்லவியைக் காட்டிலும் மிக விரிந்தது.

ஹிஜ்ரி 395இல் மறைந்த இப்னு ஃபாரிஸ் (ரஹ்) அவர்கள் சொற்களின் வேர்களை ஆராயும் தம் 'மகாயீஸுல் லுகா' என்னும் நூலில் இந்த வேருக்கு இரண்டு அடிப்படைகளைக் காட்டுகிறார்கள். ஒன்று, ஒன்றை அதன் நேர்த்திசையிலிருந்து சாய்த்தல். மற்றொன்று, கூர்மதி. ஹிஜ்ரி 711இல் மறைந்த இப்னு மன்ளூர் (ரஹ்) அவர்களின் 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதி, முந்தைய அறிஞர் இப்னு பர்ரீ (ரஹ்) அவர்கள் வகைப்படுத்திய ஆறு பொருள்களை எடுத்துரைக்கிறது: இலக்கணப் பிழை, மொழி அல்லது வட்டார வழக்கு, இசை, கூர்மதி, மறைகுறிப்பு, உட்பொருள்.

பிழையும் கூர்மதியும் ஒரே சொல்லுக்குள் எப்படி அமைந்தன? 'சாய்தல்' என்னும் அடிப்படையை நினைவில் கொண்டால் இது விளங்கும். நேர்ப்பேச்சிலிருந்து அறியாமையால் சாய்ந்தால் அது பிழை. அறிந்தே, கேட்பவர் ஒருவருக்கு மட்டும் புரியும்படி சாய்த்தால் அது மறைகுறிப்பு. குரலை ஏற்றி இறக்கிச் சாய்த்தால் அது இசை. பிறந்த ஊரின் பழக்கத்தால் சாய்ந்தால் அது வட்டார வழக்கு. எல்லாமே சாய்வுதான், ஆனால் ஒவ்வொன்றின் காரணமும் வேறு. பேச்சின் சாய்வைக் கேட்ட உடனே அதன் காரணத்தை அறிந்துவிட்டதாக எண்ணுவதே நாம் செய்யும் தவறு.

அகழியின் ஓரத்தில் ஒரு மறைகுறிப்பு

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு. மதீனாவைச் சுற்றிப் பகைவர் படை. உடன்படிக்கை செய்திருந்த பனூ குறைளா கோத்திரத்தார் வாக்கை முறித்துவிட்டார்கள் என்னும் செய்தி வருகிறது. அதை அறிந்து வருமாறு ஸஅத் இப்னு முஆத் (ரலி), ஸஅத் இப்னு உபாதா (ரலி) ஆகியோரை வேறு சில தோழர்களுடன் நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். செய்தி உண்மையானால் மக்களின் மனவுறுதி குலையாதபடி தமக்கு மட்டும் புரியும் ஒரு லஹ்னால் தெரிவிக்குமாறும், பொய்யானால் எல்லோரும் கேட்க அறிவிக்குமாறும் கூறியனுப்பினார்கள்.

சென்றவர்கள் திரும்பி வந்து இரண்டு பெயர்களை மட்டும் கூறினார்கள்: அளல், காறா. மார்க்கம் கற்பிக்க ஆட்கள் வேண்டும் என்று அழைத்துச் சென்று, ரஜீஉ என்னுமிடத்தில் குபைப் (ரலி) முதலான தோழர்களுக்குத் துரோகம் இழைத்த கோத்திரங்கள் அவை. நபி (ஸல்) அவர்களுக்குச் செய்தி விளங்கிவிட்டது. இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் ஸீராவில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

இங்கே லஹ்ன் என்பது நயவஞ்சகமன்று. சமுதாயத்தைக் காக்கும் பொறுப்பு. ஒளித்துப் பேசுகிறவர் எல்லாம் உள்ளத்தில் நோயுள்ளவர் என்று கூறுவோமானால், இந்தத் தோழர்களைப் பற்றி என்ன கூறுவோம்?

பிழை என்னும் பொருளில்

இஸ்லாம் அரபகத்தைக் கடந்து பரவியபோது, அரபியைப் பிற்காலத்தில் கற்றவர்களின் நாவில் பிழைகள் தோன்றின. லஹ்ன் என்னும் சொல் பிழையைக் குறிக்கும் பொருளில் பெரிதும் வழங்கத் தொடங்கியது. ஸூரத்துத் தவ்பாவின் 3ஆவது வசனத்தில் 'ரஸூல்' என்னும் சொல்லின் இறுதி உயிரை ஒருவர் மாற்றி ஓதினார். அதனால் பொருள் முற்றிலும் கவிழ்ந்து, அல்லாஹ் தன் தூதரை விட்டும் விலகியவன் என்றாகிவிட்டது. இதைக் கேட்டு அதிர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள், எழுத்தர் ஒருவரை அமர்த்தி, மையின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் புள்ளிகளை இடச் செய்தார்கள் என்பது வரலாறு. மேலே இட்டால் ஃபத்ஹ், கீழே இட்டால் கஸ்ர், பக்கத்தில் இட்டால் ளம்மு. ஹிஜ்ரி 69இல் அவர்கள் மறைந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி ஓதும் ஜபர், ஜேர், பேஷ் குறிகளுக்கு அந்தப் புள்ளிகளே முன்னோடி.

ஆட்சியாளர்களையும் இந்த அச்சம் விட்டுவைக்கவில்லை. கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான், மிம்பரில் ஏறுவதும் பிழை நேருமோ என்னும் கவலையும் தம் தலைமுடியை நரைக்கச் செய்தன என்று கூறியதாக நூல்களில் காண்கிறோம். அவருடைய ஆளுநர் ஹஜ்ஜாஜ் ஒருமுறை அறிஞர் யஹ்யா இப்னு யஅமர் (ரஹ்) அவர்களை அழைத்துத் தம் பேச்சில் பிழை உண்டா என்று கேட்டாராம். வற்புறுத்தலுக்குப் பின், தவ்பா அத்தியாயத்தின் 24ஆவது வசனத்தில் ஒரு சொல்லின் இறுதி உயிரை மாற்றி ஓதுவதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஹஜ்ஜாஜ், தம் பிழையை அவர் இனிக் கேட்காத தொலைவுக்கு, குராஸானுக்கு, அனுப்பிவிட்டார். திருத்தம் கேட்பவர் எல்லாம் திருந்த விரும்புகிறவர் அல்லர் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சொல்லறிஞர்களே இச்சொல்லில் தடுக்கியதுண்டு. ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ், தம் 'அல்பயான் வத்தப்யீன்' நூலில், ஒரு பெண்ணின் பேச்சில் உள்ள லஹ்னைப் புகழும் மாலிக் இப்னு அஸ்மாவின் கவிதையை எடுத்தாண்டு, பெண்ணின் இலக்கணப் பிழையைக் கவிஞர் இனிமை என்று போற்றுவதாக விளக்கம் தந்தார். அது பிழையைப் பற்றியதன்று, நயமான மறைகுறிப்பைப் பற்றியது. ஹஜ்ஜாஜின் மனைவி ஹிந்தும் தம் சகோதரரான அக்கவிஞரின் வரியை இப்படியே தவறாக விளங்கித் திருத்தப்பட்டாள் என்று ஒருவர் அவருக்கு எடுத்துரைத்தார். ஜாஹிழ் தம் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால் நூல் ஊர் ஊராகப் பரவிவிட்ட பிறகு என்ன செய்வது என்று வருந்தினார். வாயிலிருந்து போய்விட்ட சொல்லுக்கும் இதே நிலைதான். தேநீர் இடைவேளையில் கூறப்பட்ட சொல்லுக்கும் இதே நிலைதான்.

உபை (ரலி) அவர்களின் லஹ்ன்

ஒருவருக்கே உரிய வழக்கம் என்னும் பொருளில் இச்சொல் வரும் அழகிய இடம் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. உமர் (ரலி) அவர்கள், தம்மில் மிகச் சிறப்பாக ஓதுகிறவர் உபை இப்னு கஅப் (ரலி) என்று கூறிவிட்டு, ஆயினும் உபையின் லஹ்னில் சிலவற்றைத் தாம் விட்டுவிடுவதாகவும் கூறுகிறார்கள். உபை (ரலி) அவர்களோ, அல்லாஹ்வின் தூதரின் வாயிலிருந்து பெற்றதைத் தாம் எதற்காகவும் விடுவதில்லை என்று நின்றார்கள். மாற்றப்பட்ட வசனங்களின் ஓதலையும் அவர்கள் தொடர்ந்து பேணியதே இந்தக் கருத்து வேறுபாட்டிற்குக் காரணம். இங்கே லஹ்ன் என்பது ஓதும் முறை. ஒருவர் பற்றி நின்ற வழக்கம்.

இதில் நமக்குப் பெரும் பாடம் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் முதலில் அவருடைய தகுதியைக் கூறினார்கள். அதன்பின்பே வேறுபாட்டைக் கூறினார்கள். வேறுபாட்டுக்காக மனிதரை ஒதுக்கவில்லை. மனிதருக்காக எல்லாவற்றையும் ஏற்கவுமில்லை. உபை (ரலி) அவர்கள் ஒன்றையே விடாமல் கூறியதை உமர் (ரலி) அவர்கள் ஏளனம் செய்யவில்லை. அதன் பின்னணியை அறிந்து பேசினார்கள்.

காட்டிக்கொடுக்கும் லஹ்ன், மறைத்துவிடும் லஹ்ன்

இப்போது அந்த இளைஞர் சுட்டிய வசனத்திற்கு வருவோம். உள்ளங்களில் நோயுள்ளவர்கள் தங்கள் குரோதம் வெளிப்படாது என எண்ணிக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ் நாடினால் அவர்களை அடையாளத்துடன் காட்டியிருப்பான் என்றும், பேச்சின் லஹ்னைக் கொண்டு நபியே நீர் அவர்களை அறிந்துகொள்வீர் என்றும் அங்கே கூறப்படுகிறது. பேசப்படுகிறவர்கள் யார்? நபியின் காலத்து நயவஞ்சகர்கள். அறிகிறவர் யார்? வஹீ இறங்கிக் கொண்டிருந்த அல்லாஹ்வின் தூதர். இது மக்தபின் பெற்றோர் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு வழங்கப்பட்ட அளவுகோலன்று.

இதே வேரிலிருந்து வரும் மற்றொரு சொல்லை நபி (ஸல்) அவர்களே பயன்படுத்தியுள்ளார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்குகள் தம்மிடம் கொண்டு வரப்படுகின்றன என்றும், ஒருவர் மற்றவரைக் காட்டிலும் தம் வாதத்தில் 'அல்ஹன்', அதாவது நயமும் கூர்மையும் மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், தாம் கேட்பதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு தம் சகோதரனின் உரிமை எவருக்கேனும் கிடைத்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டே என்றும் எச்சரித்தார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வசனத்தில் லஹ்ன் உள்ளத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஹதீஸில் லஹ்ன் உண்மையை மறைத்துவிடுகிறது. நயமாகப் பேசுகிறவர் குற்றவாளியாக இருக்கலாம்; நயமின்றிப் பேசுகிறவர் உரிமையுள்ளவராக இருக்கலாம். பேச்சின் போக்கைக் கேட்டு ஏமாறக்கூடும் என்று நபி (ஸல்) அவர்களே நீதி வழங்கும் இடத்தில் எச்சரித்திருக்க, நாம் எம்மாத்திரம்?

அபூதாவூதின் அறிவிப்பில் இதன் தொடர்ச்சி வருகிறது. சாட்சிகள் இல்லாத ஒரு வாரிசுச் சொத்து வழக்கில் இருவர் வந்திருந்தார்கள். இந்த எச்சரிக்கையைக் கேட்டதும் இருவரும் அழுதார்கள். ஒவ்வொருவரும் தம் உரிமை மற்றவருக்கே ஆகட்டும் என்றார்கள். அதைப் பங்கிட்டு, சரியானதை நாடி, சீட்டுக் குலுக்கி, ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஜமாஅத்துகளில் பங்காளிகளின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புக் கூறும் நிர்வாகிகள் இந்த ஹதீஸைத் தம் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவர் பக்கமே நியாயம் சாய்வதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

நயவஞ்சகர்களின் பெயர்களை நபி (ஸல்) அவர்களிடமிருந்து இரகசியமாக அறிந்திருந்த தோழர் ஹுதைஃபா (ரலி). அவர்கள் அந்தப் பெயர்களை மக்களிடம் வெளியிடவில்லை. உமர் (ரலி) அவர்கள் ஹுதைஃபாவிடம் தம் பெயர் அதில் உண்டா என்றே கேட்டார்கள். அறிந்தவர் வாய் திறக்கவில்லை. உயர்ந்தவர் தம்மையே ஐயுற்றார். நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின், வஹீ நின்றுவிட்டது, இனி மக்களின் வெளிப்படையான செயல்களைக் கொண்டே அவர்களை மதிப்போம், உள்ளத்தின் கணக்கு அல்லாஹ்வுக்குரியது என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் உரைத்ததும் புகாரியில் பதிவாகியுள்ளது.

நெய்வேலியின் லஹ்ன்

லஹ்னுக்கு வட்டார வழக்கு என்னும் பொருளும் உண்டென்று கண்டோம். அதை விளங்கிக்கொள்ள நம் நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் வேண்டியதில்லை.

இது பழைமையான குடியிருப்பன்று. 1956இல் நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டு, 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியபோது உருவான ஊர். நிலம் கொடுத்த சுற்றுக் கிராமத்தாரும், வேலைக்காகத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களும் ஒரே வட்டத்தில், அடுத்தடுத்த குடியிருப்புகளில் வாழத் தொடங்கினர். ஆகவே நம் பள்ளிவாசலின் ஒரு ஸஃப்பில் பல ஊர்களின் தமிழும், வேலூர் ஆம்பூர்ப் பக்கத்து உருதும், மலையாளமும் தோளோடு தோள் நிற்கின்றன.

ஒரே மாதத்தை ஒருவர் 'ரமளான்' என்கிறார். மற்றொருவர் 'ரம்ஜான்' என்கிறார். ஒருவருக்கு 'பர்ளு', மற்றவருக்கு 'ஃபர்ஜு'. ஒருவர் 'வுளூ' செய்கிறார். மற்றவர் 'வஜு' செய்கிறார். ளாத் என்னும் எழுத்து அரபு நாவிற்கே உரியது. பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வணிகர்கள் வழியாக அரபியை நேரே கேட்ட தமிழ் முஸ்லிம்கள் அதைத் தம் நாவிற்கு அணுக்கமான ளகரத்தால் ஒலித்தார்கள். பாரசீகம், உருது வழியாகப் பெற்றவர்கள் ஜகரத்தால் ஒலித்தார்கள். இரண்டிற்கும் பின்னால் சில நூற்றாண்டுகளின் பயணம் இருக்கிறது. அரபு எழுத்துகளுக்குக் கூடுதல் குறிகள் இட்டு அரபுத்தமிழ் எழுதிய நம் முன்னோர், நாவின் இந்த வேறுபாட்டை மதித்து, அதற்கேற்ப எழுத்தையே வளைத்தார்கள்.

ஆனால் மக்தபில் என்ன நடக்கிறது? 'பாத்திஹா' என்று ஒரு பிள்ளை கூறினால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கின்றன. தொழுகையில் ஓதும்போது அதைத் திருத்துவது நம் கடமை. எழுத்தையோ உயிர்க்குறியையோ மாற்றிவிடும் லஹ்னு ஜலீ என்னும் வெளிப்படையான பிழையையும், குன்னாவிலும் மத்திலும் நேரும் லஹ்னு கஃபீ என்னும் நுண்பிழையையும் தஜ்வீத் கலை வகுத்திருப்பது திருத்துவதற்காகத்தான், நகைப்பதற்காகவன்று. ஓதுதலில் நாவைத் திருத்துவோம். அந்தப் பிள்ளை தன் பாட்டியிடமிருந்து பெற்ற பேச்சை இழிவுபடுத்த நமக்கு உரிமையில்லை. திக்கித் திக்கிச் சிரமத்துடன் ஓதுகிறவருக்கு இரு கூலிகள் உண்டென்று ஹதீஸ் கூறுவதை நாம் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டும்.

பெரியவரின் லஹ்ன்

இவற்றையெல்லாம் படித்தபின் நாம் பெரியவரைத் தேடி அவருடைய வீட்டிற்குச் சென்றோம். நடந்ததை முழுவதும் கூறவில்லை. அவர் மனம் புண்படும். "நீங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கைப் பற்றியே கேட்கிறீர்களே, எங்கள் மீது ஏதேனும் குறை உண்டா?" என்று மட்டும் கேட்டோம்.

அவர் பதறிவிட்டார். "என்ன ஹஜ்ரத் இப்படிக் கேட்கிறீர்கள்? எனக்குக் காது மந்தம். கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே வேலை பார்த்தவன். கத்தினால்தான் அடுத்த ஆளுக்குக் கேட்கும். அந்தப் பழக்கம் போகவில்லை. கூட்டத்தில் நீங்கள் கணக்கு வாசிப்பது எனக்குக் கேட்பதில்லை. எழுதி மாட்டினால் படித்துக்கொள்வேனே என்றுதான் சொன்னேன்" என்றார்.

நாம் சிறிது நேரம் பேச இயலாமல் அமர்ந்திருந்தோம். 'கணக்கை எழுதி மாட்டுங்கள்' என்பதில் நாம் சந்தேகத்தைக் கேட்டோம். இளைஞர் நிஃபாக்கைக் கேட்டார். மற்றவர்கள் பல்லவியைக் கேட்டார்கள். அவர் கூறியதோ, எனக்குக் கேட்கவில்லை என்பதை மட்டுமே. ஆண்டுக்கணக்கில் அதைக் கூறியும் கேட்காதிருந்தவர்கள் நாம்தான்.

நம் ஊர்ச் சுரங்கத்தில் நிலக்கரியைக் காண மேலே கிடக்கும் மண்ணை மீட்டர் மீட்டராக அகற்ற வேண்டும்; அடியிலோ அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே நின்று பார்ப்பவருக்கு அடியில் உள்ளது எதுவும் தெரியாது. ஒரு மனிதரின் குரலுக்கு அடியில் இருப்பதும் அவ்வாறே. உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்று உஸாமா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கேட்டது நமக்கும் உரிய கேள்வியே.

அந்த இளைஞரிடமும் பேசினோம். அவரைக் குறை கூறவில்லை; குறை கூற நமக்குத் தகுதியும் இல்லை. இங்கே எழுதியவற்றையே அவரிடம் வாசித்துக் காட்டினோம். அவர் பெரியவரின் வீட்டிற்குத் தாமே சென்று வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. இப்போது மாதந்தோறும் மக்தபின் வரவு செலவைத் தம் அழகிய கையெழுத்தில் பெரிதாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறவர் அவரே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன்முன் நின்று நிதானமாகப் படிக்கிறார். கடந்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்றபோது வழக்கமான முதல் வாக்கியம் வரவில்லை. கழிவறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். அதே உரத்த குரலில்.

சகோதரர்களே! நம் ஒவ்வொருவருக்கும் ஒரு லஹ்ன் உண்டு. நாம் அறியாமலே நாம் திரும்பத் திரும்பக் கூறும் ஒரு வாக்கியம் உண்டு. நம் வீட்டார் அதை மனப்பாடமாக அறிவார்கள். பிறரின் பல்லவியைக் கேட்கும்போது அதன் காரணத்தைத் தேடுவோம். நம் பல்லவியைக் குறித்து நம் நஃப்ஸைக் கேட்டுக்கொள்வோம். அது பிழையால் வந்த சாய்வா, பழக்கத்தால் வந்த சாய்வா, அல்லது நோயால் வந்த சாய்வா என்று ஆராயும் உரிமை ஒவ்வொருவருக்கும் தம் நாவின் மீது மட்டுமே உண்டு.

நம் நாவுகளைப் பிழையிலிருந்தும், நம் செவிகளைத் தவறான எண்ணத்திலிருந்தும், நம் உள்ளங்களை நோயிலிருந்தும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.